பேனாவுக்கு ஓதும் முன்பு...



   

ஆண்டுதோறும் பிப்ரவரி மாத இறுதியில், நமது மறைமலை நகர் பள்ளிவாசலின் மிஹ்ராபுக்கு அருகே ஒரு காட்சியைக் காணலாம். ஜுமுஆ தொழுகை முடிந்ததும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைத் தந்தையர் அழைத்து வருவார்கள். பிள்ளைகளின் கைகளில் புதுப் பேனாக்கள் இருக்கும். "ஹஜ்ரத், பரீட்சைக்குப் போகிறான். பேனாவை ஓதிக் கொடுங்கள்" என்பார்கள். நானும் ஓதிக் கொடுப்பேன், துஆச் செய்வேன். அதில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. பெற்றோர் தம் பிள்ளைக்காக அல்லாஹ்விடம் கையேந்துவதைவிட அழகிய காட்சி வேறு எது?

ஆயினும் அந்தப் பேனாக்களைக் கையில் வாங்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என் உள்ளத்தைத் தைக்கும். கடந்த ஜூன் மாதம் முதல் இந்தப் பிள்ளை எவ்வாறு படித்தான் என்று நாம் யாராவது கேட்டோமா? ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று வினவிய நபித்தோழரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு நம்பிக்கை வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி திர்மிதீயில் பதிவாகியுள்ளது. நாமோ ஒன்பது மாதங்கள் ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு, பத்தாவது மாதம் கயிற்றை மட்டும் ஓதி வாங்கிச் செல்கிறோம்.

நான் செய்த தவறு

இதை உங்களைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. முதற்குறை என்னிடமே இருந்தது.

ஒரு செப்டம்பர் மாதம், காலாண்டுத் தேர்வு முடிந்த சமயம். ஒரகடம் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பணிபுரியும் ஒரு சகோதரர், பத்தாம் வகுப்பு படிக்கும் தம் மகனை அழைத்து வந்தார். "ஹஜ்ரத், இவன் தலையில் ஒன்றும் ஏறவில்லை. நீங்கள்தான் ஓதிவிட வேண்டும்" என்றார். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தேன். அறிவியலிலும் சமூக அறிவியலிலும் தோல்வி. தந்தையின் முன்னிலையிலேயே, "சோம்பேறித்தனம்தான் காரணம், தகப்பனார் படும் பாடு உனக்குத் தெரியவில்லையா?" என்று கடிந்துகொண்டேன். அவன் தலை குனிந்து நின்றான். ஒரு வார்த்தை பேசவில்லை.

சில நாள்களுக்குப் பின், ஃபஜ்ர் தொழுகை முடிந்து மக்தப் பிள்ளைகளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே மாணவன் யாஸீன் சூராவை, அதன் 83 வசனங்களையும், ஓரிடத்திலும் தடுமாறாமல் மனப்பாடமாக ஓதி முடித்தான். நான் திகைத்தேன். 83 வசனங்களை, அதுவும் தன் தாய்மொழியல்லாத மொழியில், சுமக்க வல்ல தலையில், தமிழில் உள்ள இரண்டு பக்கப் பாடம் ஏறாதா? தலையில் குறையில்லை, அப்படியானால் குறை வேறெங்கோ இருக்கிறது.

அருகில் அமர்த்திக் கேட்டேன். "தம்பி, அறிவியலை எப்படிப் படிப்பாய்?"

"பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி, எல்லாப் பாடத்தையும் மூணு நாலு தடவை வாசிப்பேன் ஹஜ்ரத்."

"ஏன், மற்ற நாள்களில்?"

"அத்தா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து பகல்ல தூங்குவாங்க. எங்களுக்கு ஒரே ரூம்தான். சத்தம் போட்டுப் படிக்க முடியாது."

"சரி, யாஸீனை எப்படி மனனம் செய்தாய்?"

"தினமும் ரெண்டு மூணு ஆயத்து. நேத்துப் பாடத்தை ஒப்பிச்சாத்தானே நீங்க புதுப் பாடம் தருவீங்க?"

சகோதரர்களே! விடை அந்தச் சிறுவனின் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஒரே பிள்ளை, ஒரே மூளை, முறைகள்தாம் இரண்டு. மக்தபில் நாம் கற்றுத் தந்த முறை வென்றது. பள்ளிப்பாடத்திற்கு அவனாகக் கைக்கொண்ட முறை தோற்றது. நான் அதை விசாரிக்காமலேயே சோம்பேறி எனத் தீர்ப்பு வழங்கிவிட்டேன்.

முதற்பழக்கம்: பின்பாடம்

திருக்குர்ஆனை மனனமிட்டவரைக் கட்டப்பட்ட ஒட்டகங்களின் உரிமையாளருக்கு நபி (ஸல்) அவர்கள் ஒப்பிட்டார்கள். கவனித்து வந்தால் அவை இருக்கும். விட்டுவிட்டால் போய்விடும் என்பது அதன் கருத்து. இச்செய்தி புகாரியில் உள்ளது. ரமலான்தோறும் ஜிப்ரீல் (அலை) அவர்கள் வந்து நபியவர்களுடன் குர்ஆனை மீளாய்வு செய்தார்கள்; நபியவர்கள் மறைந்த ஆண்டில் அது இருமுறை நிகழ்ந்தது. வஹீ அருளப்பெற்ற மாநபிக்கே மீளாய்வு இருந்ததென்றால், நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?

இதனால்தான் ஹிஃப்ழு மதரஸாக்களில் புதுப் பாடத்தோடு அண்மையில் ஓதிய பாடத்தையும், பழைய பாடத்தையும் தினந்தோறும் கேட்கிறோம். புதியதை மட்டும் ஓதிக்கொண்டே போனால், முப்பதாவது ஜுஸ்வை எட்டும்போது முதல் ஜுஸ்வு கைநழுவியிருக்கும்.

இன்றைய ஆய்வாளர்களும் இதையே உரைக்கின்றனர். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்னும் உளவியல் அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கின்றன என அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி சீராக வருவதில்லை. படித்த முதற்சில மணி நேரங்களிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதன்பின் மெல்ல மெல்லக் குறைகிறது என்று கண்டறிந்தார். ஒரே மூச்சில் பலமுறை படிப்பதைவிட, நாள்களை இடைவெளியாக விட்டுப் படிப்பது நிலைக்கிறது என்பதும் அவர் கண்டதே.

ஆகவே மாணவச் செல்வங்களே! பள்ளியில் இன்று நடத்திய பாடத்தை இன்றிரவே பத்து நிமிடம் திரும்பப் பாருங்கள். மூன்றாம் நாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, ஒரு மாதம் கழித்து ஒருமுறை பாருங்கள். தேதியைப் பாடத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு முறையும் சேர்த்தால் ஒரு பாடத்திற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. பரீட்சைக்கு முந்தைய இரவு நான்கு மணி நேரம் விழித்துப் படிப்பதைவிட இது எளிது, பலனோ பன்மடங்கு.

இரண்டாம் பழக்கம்: ஒப்பித்தல்

ஒருமுறை பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கி, இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமையானது, அது எது என்று வினவினார்கள். ஒவ்வொருவரும் பாலைவனத்து மரங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தார்கள். பிறகே அது பேரீச்ச மரம் என்று நபியவர்கள் விளக்கினார்கள். அன்று மிக இளையவராக இருந்த இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு விடை மனத்தில் தோன்றியும் வெட்கத்தால் கூறவில்லை. இதைப் பதிவு செய்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், ஆசிரியர் தம் தோழர்களின் அறிவைச் சோதிக்க வினா எழுப்புவது பற்றிய பாடத்தின் கீழ் இதை வைத்துள்ளார்கள். நபியவர்கள் விடையை நேரடியாகவே சொல்லியிருக்கலாம். முதலில் தேட வைத்தார்கள். தேடிய மனத்தில் விடை ஆழமாகப் பதிந்தது.

நம் பிள்ளைகள் படிப்பதாகச் சொல்வது பெரும்பாலும் வாசிப்பதுதான். புத்தகத்தைத் திறந்து மீண்டும் மீண்டும் வாசிக்கிறார்கள். வண்ணப் பேனாவால் கோடிடுகிறார்கள். கண்ணுக்குப் பழகிவிட்டதால் தெரிந்துவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. தேர்வறையில் புத்தகம் மூடியிருக்கும். அங்கே மயக்கம் கலைகிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு சாராருக்கு ஒரு பத்தியை நான்கு வேளை படிக்கக் கொடுத்தனர். மறு சாராரை ஒரு வேளை மட்டும் படிக்கச் செய்து, மீதி மூன்று வேளையும் தாளைப் பாராமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் மீண்டும் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு சுமார் 40 விழுக்காடே நினைவிருந்தது. நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கு சுமார் 61 விழுக்காடு நினைவிருந்தது. நம் உஸ்தாதுமார்கள் குர்ஆனை மூடி வைத்துவிட்டு "ஓது" என்று சொன்னதன் பயன் இதுவே.

நம் ஊர்ச் சகோதரர்களுக்கு இதைத் தொழிற்சாலை மொழியில் சொன்னால் எளிதில் விளங்கும். உற்பத்தி வரிசையில் பூட்டிய போல்ட்டை அந்தந்த இடத்திலேயே சோதிக்கிறீர்கள். வண்டி முழுவதும் உருவாகி வாசலுக்கு வந்த பிறகுதான் குறையைத் தேடுவோம் என்று எந்த நிறுவனமாவது விட்டுவிடுமா? பிள்ளையின் பாடத்தை மட்டும் பொதுத்தேர்வு வாசல் வரை சோதிக்காமல் அனுப்புகிறோம்.

செய்யவேண்டியது இதுதான். ஒரு பகுதியைப் படித்ததும் புத்தகத்தை மூடுங்கள். ரஃப் நோட்டில் நினைவில் உள்ளதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையால் சேருங்கள். அடுத்த முறை அந்தச் சிவப்பை மட்டும் முதலில் பாருங்கள். கணக்குப் பாடமெனில், தீர்த்து வைத்த கணக்கை வாசிப்பது போதாது. விடையை மறைத்துவிட்டுத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். பாடத்தின் பின்னே உள்ள வினா விடைகளை மட்டும் உருப்போட்டுத் தேறிவிடலாம் என்றும் நம்பாதீர்கள். பாடத்தின் உட்பகுதியிலிருந்தும் வினாக்கள் வருகின்றன. பொருள் விளங்கி, பிறகு ஒப்பித்தலே முறை.

அரபுக் கல்லூரிகளில் இரு பழக்கங்கள் உண்டு. உஸ்தாது பாடம் நடத்துமுன்பே மாணவர் அதைப் பார்த்து வருவது முதாலஆ. நடத்திய பின் மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் மற்றவருக்கு விளக்குவது தக்ரார். ஓதும் காலத்தில், தக்ராரில் விளக்கும் முறை எனக்கு வந்த நாள்களில்தான், எனக்கு எது விளங்கவில்லை என்பதே எனக்கு விளங்கியது. உங்கள் பிள்ளைகள் தம்பி தங்கையருக்கோ, அடுப்படியில் நிற்கும் தாய்க்கோ அன்றைய பாடத்தை விளக்கிச் சொல்லட்டும். தாய் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. "எனக்குப் புரியவில்லையே, இன்னொரு தடவை சொல்" என்று கேட்டால் போதும். அதுவே பெரிய பரீட்சை.

மூன்றாம் பழக்கம்: குறைந்த அளவு, குறித்த நேரம்

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிகவும் உகந்தது, குறைவாக இருப்பினும் நிலையாகச் செய்யப்படுவதே என்று நபிமொழி கூறுகிறது. தோழர்கள் சலிப்படைந்துவிடக் கூடாது என்பதற்காக நபியவர்கள் தம் உபதேசத்தையே நாள் விட்டு நாள் பார்த்து வழங்கினார்கள் என இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஆகவே ஞாயிறன்று ஆறு மணி நேரம் உட்கார வைத்து, மற்ற நாள்களில் விட்டுவிடுவது சரியான வழியன்று.

நமக்கு நேரத்தைப் பங்கிட்டுத் தரும் கடிகாரம் ஏற்கனவே உண்டு. அது ஐவேளைத் தொழுகை. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒரு மணி நேரம் புதிய பாடத்திற்கு. இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் ஒப்பித்தலுக்கு. ஃபஜ்ருக்குப் பின் ஒரு மணி நேரம் பழைய பாடத்திற்கு. தம் சமுதாயத்தாரின் அதிகாலைப் பொழுதில் பரக்கத் வேண்டி நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள்.

இராமேஸ்வரத்தில் பிறந்த நமது மேனாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களின் சிறு வயதை நினைத்துப் பாருங்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து கணிதப் பாடத்திற்குச் செல்வார், பிறகு குர்ஆன் ஓதுவார், அதன்பின் செய்தித்தாள் விநியோகம், பிறகே பள்ளிக்கூடம். அவர் பின்னாளில் விமானப் பொறியியல் கற்ற எம்.ஐ.டி. கல்லூரி இருப்பது குரோம்பேட்டையில். நம் ஊர் வழியே செல்லும் அதே மின்சார ரயில் தடத்தில்தான். தூரம் ரயிலில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

அதிகாலையில் எழவேண்டுமெனில் முன்னிரவில் உறங்க வேண்டும். இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதன்பின் வீண் பேச்சுப் பேசிக்கொண்டிருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. பதின்ம வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. படித்ததை நினைவில் உறுதிப்படுத்தும் வேலையை மூளை உறக்கத்தில்தான் செய்கிறது. இரவு ஒன்பது மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் கிடைத்துவிடும்.

இதற்குக் குறுக்கே நிற்பது கைப்பேசி. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடத்திற்காக நாமே அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தோம். பள்ளிகள் திறந்தன, கைப்பேசி கையைவிட்டு இறங்கவில்லை. படிக்கும் நேரத்தில் அது தாயின் பீரோவில் இருக்கட்டும். தந்தையின் கைப்பேசியும் கூடவே இருந்தால் அறிவுரைக்கு வலிமை உண்டாகும்.

பெற்றோருக்கும் ஜமாஅத்துக்கும்

நம் பகுதி மக்களின் வாழ்வு ஷிஃப்ட் மணியோடு கட்டுண்டது. கம்பெனிப் பேருந்து விடியற்காலையில் வருகிறது, நள்ளிரவிலும் வருகிறது. அந்த வேலையும் நிலையானதன்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. நம் ஊரிலேயே 1999 முதல் கார்களை உருவாக்கி வந்த ஃபோர்டு ஆலை 2022இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. எத்தனையோ குடும்பங்கள் அன்று தடுமாறியதை நீங்கள் அறிவீர்கள். ரிஸ்கு அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆயினும் ஒரு கதவு அடைபட்டால் மறு கதவைத் தட்டும் தகுதியைப் பிள்ளைக்கு ஈட்டித் தருவது நம் கடமை. கல்வி அத்தகுதி.

தந்தையரே! மாலையில் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "இன்று எதை ஒப்பித்தாய்?" என்று கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பொதுத்தேர்வில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017இல் நிறுத்திவிட்டது. அரசு கைவிட்ட பட்டியலை நாம் நம் வீட்டில் தொடங்கலாமா? முயன்றும் வராத பிள்ளையை அடிக்காதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பெண் பிள்ளை படிக்கும் ஒரு மணி நேரத்தில் "தண்ணீர் கொண்டு வா, தம்பியைப் பார்த்துக்கொள்" என்று எழுப்பாதீர்கள். ஆண் பிள்ளைக்கு உள்ள அதே உரிமை அவளுக்கும் உண்டு.

ஜமாஅத்தார்களே! நமது பள்ளிவாசல்களின் மாடி, தொழுகை நேரம் போக வெறுமையாகத்தான் கிடக்கிறது. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை தம் வீட்டருகேயே பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார்கள். அதற்குப் பெரிய கட்டடம் தேவைப்படவில்லை. விளக்கு, விரிப்பு, ஒரு பெரியவரின் கண்காணிப்பு, இவை போதும். ஓரறை வீட்டில் வாய்விட்டுப் படிக்க முடியாத பிள்ளை அங்கே படிக்கட்டும். பெண் பிள்ளைகளுக்குத் தனியிடம் ஒதுக்குங்கள்.

அந்த மாணவன்

நான் கடிந்துகொண்ட அந்த மாணவன் என்னவானான் என்று கேட்பீர்கள். அவனுக்குப் பள்ளிவாசல் மாடியில் ஓர் இடம் கொடுத்தோம். மஃரிபுக்குப் பின் படிப்பான். இஷாவுக்குப் பின் என்னிடம் அறிவியலை ஒப்பிப்பான். எனக்கு அந்தப் பாடம் முழுமையாக விளங்காது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பேன், அவ்வளவே. அரையாண்டுத் தேர்வில் இரு பாடங்களிலும் தேறினான். முதல் மாணவனாகவில்லை, மாலையும் விழவில்லை. ஆனால் மதிப்பெண் பட்டியலை நீட்டியபோது அவன் தலை நிமிர்ந்திருந்தது.

அவன் தந்தையை வரவழைத்து, அவர் முன்னிலையிலேயே அவனிடம், "தம்பி, அன்று விசாரிக்காமல் பேசிவிட்டேன். என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவர் முன்னிலையில் இழைத்த பிழையை அவர் முன்னிலையிலேயே திருத்துவதுதானே நீதி? உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை மன்னிப்புக்காகக் காத்திருக்கலாம். இன்றிரவே யோசித்துப் பாருங்கள்.

அன்பானவர்களே! வருகின்ற பிப்ரவரியிலும் பேனாக்களைக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், ஓதித் தருவேன். அத்துடன் அந்த ரஃப் நோட்டையும் எடுத்து வாருங்கள். சிவப்பு மையில் திருத்திய பக்கங்கள் அதில் இருந்தால், ஒட்டகம் கட்டப்பட்டுவிட்டது என்று அறிந்துகொள்வேன். பிறகு நீங்களும் நானுமாக, மனநிறைவோடு கையேந்துவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவாயாக! அவர்களின் நினைவாற்றலில் பரக்கத் செய்வாயாக! இரவும் பகலும் உழைக்கும் பெற்றோரின் வியர்வையை வீணாக்காதிருப்பாயாக! ஆமீன்.